கோடிகள் ஒதுக்கியாயிற்று, ஏரி எப்போது நிரம்பும்?



மதுராந்தகம் பக்கம் ஒரு ஜும்ஆ பயானுக்காகப் போயிருந்தேன். தொழுகை முடிந்ததும் உரம், பூச்சிமருந்துக் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் கையைப் பிடித்துத் தன் கடைக்கு அழைத்துப் போனார். தேநீர் வந்தது. கடையின் உள்சுவர் வரை யூரியா மூட்டைகள் அடுக்கியபடி கிடந்தன. அது விதைப்பு மாதம். கடை வாசலில் வண்டி நிற்க இடமில்லாமல் இருக்க வேண்டிய நேரம். நாங்கள் பேசிக் கொண்டிருந்த முக்கால் மணி நேரத்தில் ஒரே ஒருவர் வந்தார். அவரும் எலி மருந்து வாங்கத்தான் வந்தார்.

"ஹஜ்ரத், ஏரியில வேலை நடக்குதுன்னு தண்ணிய வடிச்சுட்டாங்க. தண்ணி இல்லாம நடவு இல்ல. நடவு இல்லாம எனக்கு யாவாரம் இல்ல. எனக்கு இல்லாததால ஜவுளிக் கடைக்காரருக்கும் இல்ல. அரசாங்கம் நூத்தி இருபது கோடி ஒதுக்கியிருக்குன்னு சொல்றாங்க. ஒதுக்கினா போதுமா?" என்று கேட்டார்.

ஒதுக்கினால் போதுமா? அந்தப் பெரியவரின் கேள்வியைத்தான் இந்த இதழில் உங்கள் முன் வைக்கிறேன். "ஏரி, அணை, நீர்த்தேக்கம் எல்லாம் விவசாயிகள் சங்கத்துக்காரர்கள் பேச வேண்டியது, நமக்கென்ன?" என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். செங்கல்பட்டிலும் மதுராந்தகத்திலும் கடை வைத்திருக்கிற ஒவ்வொரு வியாபாரியின் கல்லாப்பெட்டியும் ஏதோ ஒரு ஏரியின் மதகோடு கட்டப்பட்டிருக்கிறது. நாம்தான் அந்தக் கயிற்றைப் பார்ப்பதில்லை.

மதுராந்தகம் ஏரி இந்த மாவட்டத்தின் மிகப் பெரிய ஏரி. கிளியாறு அதற்குத் தண்ணீர் கொண்டு வருகிறது. நேரடிப் பாசனம் மட்டுமே இரண்டாயிரத்து எண்ணூறு ஏக்கருக்கு மேல். அதன் தண்ணீரை நம்பியிருக்கும் சிறிய ஏரிகள் தனி. முழுக் கொள்ளளவு 694 மில்லியன் கன அடி. ஆனால் பல ஆண்டுகள் படிந்த வண்டல் அதில் கணிசமான பங்கைத் தின்றுவிட்டது. அதனால்தான் தூர் வாரி, கரையை உயர்த்திப் பலப்படுத்தி, புதிய ஷட்டர்கள் பொருத்தி, கொள்ளளவை 791 மில்லியன் கன அடியாக உயர்த்துவது என்று 120 கோடி ரூபாய்த் திட்டம் வந்தது. நல்ல திட்டம். அதை வரவேற்காதவர் எவரும் இல்லை.

ஆனால் வேலை குறித்த காலத்தில் முடியவில்லை. ஏரியைக் காலி செய்தால்தான் வேலை செய்ய முடியும். காலி செய்தால் பாசனம் நிற்கும். அதனால் ஒரு போகம் போனது, அடுத்ததும் போனது. கடன் வாங்கியவன் வட்டி கட்டுகிறான். குத்தகைக்கு எடுத்தவன் குத்தகை கட்டுகிறான். அரிசி ஆலைக்காரர் கூலியாட்களைக் குறைத்துக் கொள்கிறார். ஒப்பந்தக்காரர் தாமதப்படுத்தினால் அவருக்கு அபராதம் உண்டா? உண்டென்றால் எவ்வளவு? அந்த அபராதத்தில் ஒரு ரூபாயாவது பயிர் வைக்க முடியாமல் போனவனுக்குப் போகுமா? ஒதுக்கீட்டு அறிவிப்பு வந்த நாளில் கைதட்டிய நம்மில் எவரும் இதைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை என்பதை ஒப்புக் கொள்கிறேன்.

ஜாகீர் காலத்துக் கலெக்டர்

இந்த ஏரியின் கதை இன்று நேற்றுத் தொடங்கியதல்ல. செங்கல்பட்டுச் சீமையை 1763இல் ஆற்காட்டு நவாப் முகம்மது அலி கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக எழுதிக் கொடுத்தார். அதனால்தான் பழைய ஆவணங்களில் நம் மாவட்டத்தின் பெயரே 'ஜாகீர்' என்று இருக்கும். கடனுக்காகவும் படை பலத்துக்காகவும் நாட்டை எழுதிக் கொடுத்தவர்களின் வரலாறு நமக்குப் பெருமை தருவதில்லை. அதை மறைக்கவும் வேண்டியதில்லை. ஹைதர் அலிக்கும் கம்பெனிக்கும் நடந்த போர்களில் இந்தச் சீமை சின்னாபின்னமானது. ஊர்கள் காலியாயின. ஏரிகள் உடைந்து கிடந்தன.

அந்தச் சூழலில் 1790களின் நடுவில் இங்கே கலெக்டராக வந்தவர் லியோனல் பிளேஸ். மதுராந்தகம் ஏரிக்கரை மழைக்காலத்தில் உடைவதும், அதைக் கட்டுவதும், மறுபடி உடைவதுமாக இருந்த காலம் அது. ஒரு மழை இரவில் கரையைப் பார்க்கப் போன கலெக்டர், வில்லேந்திய இருவர் கரையைக் காத்து நிற்பதைக் கண்டார் என்று நம் இந்துச் சகோதரர்கள் சொல்வார்கள். ஏரி காத்த ராமர் என்று அங்கே கோயிலும் இருக்கிறது. அது அவர்களின் நம்பிக்கை; அதை மதிக்கிறோம். அந்தக் கதையில் என் கண்ணில் படுவது வேறொன்று. கொட்டுகிற மழையில், நள்ளிரவில், மாவட்டக் கலெக்டர் ஏரிக்கரையில் நின்றார்! கம்பெனிக்கு வரி வேண்டும் என்பதற்காகத்தான் நின்றார், நம் மீது இரக்கப்பட்டு அல்ல. ஆனாலும் நின்றார். ஏரியைச் செப்பனிடாமல் வரி வராது என்று புரிந்துகொண்டு, பாசன வேலைகளுக்குப் பணம் செலவழித்தார்.

வரி வாங்க வந்த அந்நியனுக்குத் தெரிந்த கணக்கு, வாக்கு வாங்க வருகிற நம்மவர்களுக்கு ஏன் மறந்து போகிறது?

'அணைகளுக்கு மத்திய அரசும் உலக வங்கியும் நிதி தருகின்றனவே' என்று சிலர் சொல்லக் கூடும். உண்மைதான். அணைகள் புனரமைப்பு மற்றும் மேம்பாட்டுத் திட்டத்தின் இரண்டாம், மூன்றாம் கட்டங்களுக்கு 2020 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 19 மாநிலங்கள், 736 அணைகள், 10,211 கோடி ரூபாய். தமிழகமும் அதில் உண்டு. ஆனால் அது பெரிய அணைகளுக்கான பணம். 2021இல் வந்த அணைப் பாதுகாப்புச் சட்டமும் குறிப்பிட்ட உயரத்துக்கு மேற்பட்ட அணைகளைத்தான் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. செங்கல்பட்டு மாவட்டம் மேட்டூரும் இல்லை, வைகையும் இல்லை. இது ஏரி மாவட்டம். நம் ஏரிகளுக்குப் பணம் வர வேண்டுமென்றால் மாநில நிதிநிலை அறிக்கையில் ஒரு வரி வர வேண்டும். 2017இல் குடிமராமத்து என்ற பழைய பெயரைத் தூசு தட்டி எடுத்து, 100 கோடி ரூபாயில் 1,519 வேலைகள் என்று தொடங்கினார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வேலைக்கு ஆறரை லட்சம் ரூபாய். மதகுக்கு வர்ணம் பூசி, முகப்பில் கல்வெட்டு வைத்தால் அதில் பாதி போய்விடும்.

கடற்கரையில் ஆறாவது தேக்கம்

இப்போது நம் மாவட்டத்தின் கிழக்கு ஓரத்துக்கு வாருங்கள். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம், கண்ணன்கோட்டை – தேர்வாய்கண்டிகை என்று சென்னைக்குக் குடிநீர் தரும் தேக்கங்கள் ஐந்து. ஐந்தின் மொத்தக் கொள்ளளவு 11.757 டி.எம்.சி. ஆறாவதாக, கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே, பழைய மாமல்லபுரம் சாலைக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் இடையிலுள்ள உப்பங்கழியில் சுமார் 1.6 டி.எம்.சி. தண்ணீரைத் தேக்குவது என்று 2025–26 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். திருப்போரூர் வட்டாரத்து ஏரிகளின் உபரி நீர் பக்கிங்காம் கால்வாய் வழியே கடலில் கலந்து வீணாகிறது, அதைப் பிடித்து நிறுத்தித் தென்சென்னைப் புறநகருக்குக் குடிநீராகத் தருவோம் என்பது திட்டம். மதிப்பீடு முந்நூறு கோடிக்கு மேல். 2026 ஜனவரியில் 'மாமல்லன்' என்று பெயர் சூட்டி அடிக்கல்லும் நாட்டியாயிற்று.

இதை எதிர்த்து எழுத நான் உட்காரவில்லை. 2019 ஜூனில் சென்னையின் ஏரிகள் வெடித்துக் கிடந்ததையும், ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது வேகன் ரயிலில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வந்ததையும் பார்த்தவர்கள் நாம். நாவலூரிலும் கேளம்பாக்கத்திலும் கடை வைத்திருக்கும் சகோதரர்கள் இன்றும் லாரித் தண்ணீருக்குத்தான் காசு கொடுக்கிறார்கள். ஒளுச் செய்யும் ஹவுளுக்கு லாரித் தண்ணீர் வாங்கும் பள்ளிவாசல்கள் எத்தனை என்று நிர்வாகிகளைக் கேட்டுப் பாருங்கள். மழை வரும் மூன்று மாதத்தில் வெள்ளமாக ஓடுகிற தண்ணீரைக் கோடையில் லாரியில் விலைக்கு வாங்குகிறோம் என்றால் எங்கோ தப்பு நடக்கிறது. அந்தத் தண்ணீரைத் தேக்க வேண்டும். அதில் இரண்டாவது கருத்து இல்லை.

வியாபாரிகளுக்குப் புரிகிற கணக்கு ஒன்றைச் சொல்லி விடுகிறேன், ஏனென்றால் அதிகாரிகளும் இதைத்தான் சொல்வார்கள். மதுராந்தகத்தில் 120 கோடி செலவழித்துக் கூடுதலாகக் கிடைப்பது 97 மில்லியன் கன அடி. ஒரு மில்லியன் கன அடிக்கு ஒன்றேகால் கோடி விழுகிறது. கடற்கரைத் தேக்கத்திலோ ஒரு மில்லியன் கன அடிக்கு இருபது, முப்பது லட்சம்தான். புதியது மலிவு! அப்படியானால் பழைய ஏரிக்கு ஏன் பணம் கொட்ட வேண்டும்?

இந்தக் கணக்கில் ஓர் ஓட்டை இருக்கிறது. உங்கள் கடையின் கூரை ஒழுகுகிறது. ஓடு மாற்ற ஐம்பதாயிரம் செலவாகும். மாற்றினால் கடையில் புதிதாக ஓர் அடி இடமும் கூடாது. அதனால் அந்த ஐம்பதாயிரம் வீண் என்பீர்களா? கூரை மாற்றாவிட்டால் உள்ளே இருக்கிற சரக்கே போய்விடுமே! மதுராந்தகத்தின் 120 கோடி, கூடுதல் 97க்கு மட்டும் கொடுத்த விலை அல்ல. வண்டலிலும் பலவீனமான கரையிலும் போய்க்கொண்டிருந்த 694ஐயும் காப்பாற்றக் கொடுத்த விலை அது. அந்த வேலையைக் காலத்தில் முடிக்காமல் இழுத்தடிக்கும்போது இரண்டுமே நஷ்டம்.

பழையதை முடிக்கத் திணறும் அதே நீர்வளத் துறைதான் புதியதையும் கட்டப் போகிறது. கண்ணன்கோட்டைத் தேக்கத்தை நினைத்துப் பாருங்கள். பூண்டி 1944இல் வந்தது. அதற்குப் பிறகு எழுபத்தாறு ஆண்டுகள் சென்னைக்கென்று புதிய தேக்கம் எதையும் கட்டவில்லை. கடைசியில் 380 கோடியில் ஒன்று கட்டி 2020 நவம்பரில் திறந்தார்கள். கொள்ளளவு? அரை டி.எம்.சி. நகரம் முழுவதற்கும் இரண்டு வாரத் தண்ணீர்.

அனுமதி என்பது வெறும் காகிதமா?

கடற்கரைத் தேக்கத்தின் உயிர்நாடி பணத்தில் இல்லை, அனுமதியில் இருக்கிறது. அந்த உப்பங்கழி கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வருகிறது. கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்தின் பரிசீலனை இல்லாமல் அங்கே ஒரு கல் வைக்க முடியாது. இதில் நம் மக்களுக்குத் தெரியாத ஒரு நுணுக்கம் உண்டு. மாவட்ட நிர்வாகம் மேடை போட்டு, ஒலிபெருக்கி வைத்து நடத்தும் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் எல்லாத் திட்டத்துக்கும் கட்டாயமில்லை. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் நீர்மின் திட்டங்களும் பாசனத் திட்டங்களும் பட்டியலில் இருக்கின்றன. குடிநீருக்காக மட்டும் கட்டும் தேக்கம் அந்தப் பட்டியலில் நேராக வருவதில்லை. அதாவது, 'குடிநீர்' என்று ஒரு சொல்லை முன்னால் போட்டால் வாசல் கொஞ்சம் அகலமாகத் திறக்கும்.

இந்த வாசலில் நுழையப் பார்த்து அடிபட்ட மாநிலம் ஒன்று உண்டு. தெலங்கானாவில் பாலமூரு – ரங்காரெட்டி ஏற்று நீர்ப்பாசனத் திட்டத்தைக் குடிநீருக்காக என்று சொல்லிச் சுற்றுச்சூழல் அனுமதிக்கு முன்பே வேலையைத் தொடங்கினார்கள். வழக்கு பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனது. தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2022 டிசம்பரில் அந்தத் திட்டத்துக்கும் திண்டித் திட்டத்துக்கும் சேர்த்து மாநில அரசுக்குச் சுமார் 920 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. பிறகு 2023இல் உச்ச நீதிமன்றம் அந்த இழப்பீட்டுக்குத் தடை தந்து, குடிநீர்ப் பகுதி வேலையை மட்டும் தொடர அனுமதித்தது. நடுவில் கரைந்து போன காலத்துக்கு யார் பொறுப்பு? வழக்கறிஞர்களைத் தவிர யாருக்கும் லாபமில்லை. அனுமதியைக் குறுக்கு வழியில் வாங்குகிறவன் திட்டத்தின் கழுத்தில் தானே கயிற்றை மாட்டுகிறான்.

எனவே அனுமதி கொடுத்தாயிற்றா, இல்லையா என்பதோடு நின்றுவிடாதீர்கள். அனுமதிக் கடிதத்தில் பின்பக்கங்கள் உண்டு. அங்கேதான் நிபந்தனைகள் இருக்கும். அவற்றைப் படிக்க வேண்டும்.

முதலில் உப்பு. பல நூறு ஆண்டுகளாகக் கடல்நீர் ஊறிய மண்ணின் மேல் நல்ல தண்ணீரைத் தேக்கினால் அது உடனே குடிநீர் ஆகிவிடுமா? சிங்கப்பூரில் கடை வைத்திருக்கும் நம் சகோதரர்கள் மரீனா அணைக்கட்டைப் பார்த்திருப்பார்கள். கடல் வாய்க்காலை அடைத்து 2008இல் திறந்தார்கள். மழை பெய்து பெய்து, உப்பு கழுவப்பட்டு, நல்ல தண்ணீராக மாற ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆயின. சிங்கப்பூரில் ஆண்டு முழுக்க மழை. நமக்கோ ஐப்பசி கார்த்திகையை விட்டால் பெரிய மழை கிடையாது. மீதி மாதமெல்லாம் வெயில், ஆழம் குறைந்த பரந்த தேக்கம், ஆவியாகிப் போகும் தண்ணீர், பின்தங்கி நிற்கும் உப்பு. எத்தனை ஆண்டில் குடிநீர் தருவோம் என்பதற்குத் தேதி போட்ட பதிலை அரசு தர வேண்டும்.

அடுத்து, மீன். ஆலப்புழைப் பக்கம் தண்ணீர்முக்கம் தடுப்பணையை நெல்லைக் காப்பாற்றக் கட்டினார்கள். உப்புநீர் உள்ளே வராமல் நின்றது. நெல் விளைந்தது. ஆனால் கடலுக்கும் காயலுக்கும் இடையே போய்வந்து பெருகுகிற இறாலும் மீனும் குறைந்தன. விவசாயி மதகை மூடு என்றான், மீனவன் திற என்றான். அந்தச் சண்டை அரை நூற்றாண்டாகியும் ஓயவில்லை. நம் கோவளம் கழியிலும் அதுதான் நிலை. படகும் வலையும் இல்லாத இருளர் மக்கள் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து கைகளால் துழாவி இறால் பிடித்து, கூடையில் போட்டு, அன்றாடம் உலை வைக்கிறார்கள். நிலத்துக்குப் பட்டா இருப்பவனுக்கு இழப்பீடு என்று சட்டம் சொல்லும். தண்ணீருக்குப் பட்டா ஏது? அந்த இருளர் பெண்ணின் பெயர் எந்தப் பட்டியலில் வரும்?

நெம்மேலிக்காரர்களிடம் இதைப் பற்றிக் கேளுங்கள். அங்கே கடல்நீரைக் குடிநீராக்கும் முதல் ஆலை 2013இல் திறக்கப்பட்டது. இரண்டாவது 2024இல் வந்தது. பக்கத்தில் பேரூரில் அதைவிடப் பெரியது கட்டுகிறார்கள். ஆலை வந்த பிறகு கடல் அரிப்பு அதிகமாயிற்று என்று சூளேரிக்காட்டு மீனவர்கள் முறையிட்டதும், வழக்குப் போனதும் ஊரறிந்த செய்தி. சென்னையின் தாகத்தைத் தீர்க்கிற பாரம் முழுவதும் இந்த ஒரே கடற்கரைத் துண்டின் மீது ஏறிக்கொண்டே போகிறது. ஏற்றட்டும். ஆனால் சுமக்கிறவனுக்கும் ஒரு குடம் தண்ணீர் கொடுக்க வேண்டாமா? தேக்கத்தின் தண்ணீரில் திருப்போரூர் வட்டத்துக் கடலோரக் குப்பங்களுக்கு எவ்வளவு பங்கு என்று எழுத்தில் கேட்க வேண்டும்.

வெள்ளத்தையும் மறந்துவிட முடியாது. 2015 டிசம்பர் முதல் தேதி இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்தார்கள். அடையாற்றங்கரையில் தூங்கிக் கொண்டிருந்தவர்களுக்கு என்ன நடந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த நாட்களில் படகிலும் கழுத்தளவு தண்ணீரிலும் போய்ச் சோறு கொடுத்தவர்கள் நம் இளைஞர்கள். பிணங்களையும் தூக்கினார்கள். பின்னர் 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கைத் துறை அறிக்கை, அது மனிதர்களால் விளைந்த பேரழிவு என்று சொன்னது. இன்று உபரி நீர் பரவி நிற்க அந்த உப்பங்கழி இருக்கிறது. நாளை அங்கே தேக்கம் நிரம்பி நிற்கும்போது, கார்த்திகை மாதக் கனமழையில், தையூர் ஏரியும் மானாமதி ஏரியும் வழிந்தால் மிச்சத் தண்ணீர் எங்கே போகும்? எந்த மட்டத்தில் மதகு திறக்கும்? திறப்பதற்கு எத்தனை மணி நேரம் முன்பு கோவளத்துக்கும் கேளம்பாக்கத்துக்கும் சொல்வார்கள்? மதகு இயக்க விதி என்று ஒன்று உண்டு. அது தமிழில், ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டப்பட வேண்டும். இதைக் கேட்க நாம் பொறியாளராக இருக்க வேண்டியதில்லை.

நம் வீட்டுக் கணக்கு

அரசை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுப் போனால் நான் உண்மையான உபதேசி ஆக மாட்டேன். சகோதரர்களே, கோபித்துக் கொள்ளாதீர்கள். ஏரிக்கு வரும் கால்வாயை யார் அடைத்தது?

நம் மாவட்டத்தில் ஓர் ஊரில் ஜமாஅத் கூட்டத்துக்குப் போயிருந்தேன். மழை பெய்தால் கடைத்தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கிறது, நகராட்சிக்கு எதிராக ஆர்ப்பாட்டம் நடத்தித் தாருங்கள் என்றார்கள். பழைய கிராம வரைபடத்தை வாங்கிப் பார்த்தோம். தண்ணீர் ஏரிக்குப் போகிற ஓடையின் மேலேதான் வரிசையாக எட்டுக் கடைகள். அதில் மூன்று நம்மவர்களுடையவை. ஒருவர் கூட்டத்தின் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஆர்ப்பாட்டத்துக்குத் தேதி குறிக்காமலே கலைந்தோம். செங்கல்பட்டு நகரத்துக்காரர்கள் சிரிக்க வேண்டாம். ரயிலை விட்டு இறங்கினால் கண்ணுக்கு முன்னால் விரிந்து கிடக்கிற கொளவாய் ஏரியில் கழிவுநீர் கலந்தது எப்படி? நாம் ஊற்றாமல் அது தானாகவா போய்ச் சேர்ந்தது?

2007இலேயே ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்புகளை அகற்றவும் தமிழகத்தில் தனிச் சட்டம் வந்துவிட்டது. அந்தச் சட்டம் ஏழையின் குடிசையைத் தேடி வருகிற வேகத்தில் பணக்காரனின் திருமண மண்டபத்தைத் தேடிப் போவதில்லை என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அதை எதிர்த்துப் பேசும் தகுதி நமக்கு வேண்டுமென்றால் நம் மூன்று கடைகளை நாமே முதலில் பின்னுக்குத் தள்ள வேண்டும். அந்த ஊரில் ஒருவர் தள்ளினார். இரண்டு பேர் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

நல்லது நடக்கவே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். கல்பாக்கத்துக்குத் தெற்கே, பாலாறு கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வயலூர் தடுப்பணையைப் போய்ப் பாருங்கள். கடல்நீர் ஆற்றுக்குள் ஏறாமல் தடுக்க, நல்ல தண்ணீரை நிறுத்த என்று கட்டி 2019இல் பயன்பாட்டுக்கு வந்தது. மழைக்காலத்தில் அது நிறைந்து வழிகிறதைப் பார்க்க ஊரே திரள்கிறது. அளவோடு திட்டமிட்டு, கட்டி முடித்தால் முடியும் என்பதற்கு அது கண்முன் சாட்சி.

அரசு ஒதுக்குகிற ஒவ்வொரு கோடியும் நம் வியாபார வரியிலிருந்து போன அமானிதம். அமானிதத்துக்குக் கணக்குக் கேட்பவனைக் கலகக்காரன் என்று யாரும் சொல்ல முடியாது. கேட்கிற வழியும் கடினமில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005லிருந்து நம் கையில் இருக்கிறது. மதுராந்தகம் ஏரி வேலையின் ஒப்பந்தக் காலம் என்ன, நீட்டிப்பு எத்தனை முறை, எதற்காக, இதுவரை வழங்கிய தொகை எவ்வளவு என்று காஞ்சிபுரத்திலுள்ள நீர்வளத் துறையின் கீழ்பாலாறு வடிநிலக் கோட்டத்துக்கு ஒரு மனு. கடற்கரைத் தேக்கத்துக்குக் கிடைத்த கடலோர மண்டல அனுமதியின் நகல், நிபந்தனைகள், மதகு இயக்க விதி, பாதிக்கப்படும் மீனவர், இருளர் குடும்பங்களின் பட்டியல் கேட்டு இன்னொரு மனு. மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம். அன்று ஊராட்சிகளில் கிராம சபை கூடும். நெம்மேலி, பட்டிபுலம், கோவளம் பக்கத்து இளைஞர்கள் மீனவச் சகோதரர்களையும் இருளர் மக்களையும் கூட்டிக்கொண்டு போய் உட்காருங்கள். நீங்கள் பேசுவதற்கு முன் அவர்களைப் பேச விடுங்கள். தீர்மானத்தைப் பதிவேட்டில் எழுதிய பிறகே எழுந்திருங்கள். எழுதுவதற்கு முன்னால் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவது நம் பழைய வழக்கம்.

மதுராந்தகத்து உரக்கடைப் பெரியவர் முதல் மனுவில் தன் பெயரைப் போடச் சொல்லிவிட்டார். மனு எழுதத் தெரியாதவர்கள் இஷாவுக்குப் பிறகு நம் கிளை அலுவலகத்துக்கு வாருங்கள், உட்கார்ந்து எழுதித் தருகிறோம். பத்து ரூபாய்க் கோர்ட் ஸ்டாம்பை மட்டும் நீங்களே வாங்கிக் கொண்டு வந்துவிடுங்கள்.